சதுப்பில் வெட்டிய என் கிணறு

கடந்த ஞாயிறு, இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அண்ணன் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் முன்னால் என் மானம் போனது. சந்தோஷமாகத்தான் சொல்கிறேன்.

பங்குனி வெயிலில் மலை ஊற்றிலிருந்து வரும் அவர்களுடைய பீலிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்கள், விடியுமுன்னே குடத்தோடு தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கு நடந்தார்கள். எத்தனை நாளைக்கு நடப்பது? கிணறு வெட்ட முடிவானது.

எங்கே வெட்டுவது? பத்திரிகையில் எழுதுகிற ஆளாயிற்றே... என்னைக் கேட்டார்கள். லயத்துக்குக் கீழே, வெயில் காலத்திலும் கால் புதைகிற சதுப்பைக் காட்டினேன். ஈரமிருக்கும் இடத்தில்தானே தண்ணீர் இருக்கும்?

அண்ணி சரோஜா ஒப்பவில்லை. இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர்.

"அது களிமண்ணுங்க தம்பி. தண்ணிய புடிச்சு வச்சுக்கும், விடாது. மேல மலையில, பாறைக்குப் பக்கத்துல வெட்டுங்க."

"பாறையிலயா அண்ணி?"

நான் சிரித்தேன். லயமே சிரித்தது.

இரண்டு ஞாயிறு சதுப்பைத் தோண்டினோம். மண் முழுக்க ஈரம் — குழியிலோ ஒரு நாளைக்கு ஒரு வாளி! அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

"ஏன் அண்ணி அந்த எடத்த சொல்றீங்க?" இப்போதுதான் கேட்டேன்.

"இந்த வெயில்லயும் பாறைக்கு மேல ரெண்டு நெரையில மட்டும் கொழுந்து குறையல. நான்தானே பறிக்கிறேன். வேர் எங்கயோ குடிக்குது."

அந்த இரண்டு வரிசைச் செடிகளுக்குக் கீழே அடுத்த இரண்டு ஞாயிறும் வெட்டினோம். ஆறடியில் மண் முடிந்தது; கையால் உதிர்க்கக்கூடிய, உக்கிப்போன கல். இன்னும் கீழே கெட்டிப் பாறை. அதில் ஒரு வெடிப்பு. அண்ணன் அலவாங்குக் கம்பியை இறக்கியதும் குளிர்ந்த தண்ணீர் கொப்பளித்தது. மதியத்துக்குள் இடுப்பளவு!

முழுப் பாறை ஒரு சொட்டும் குடிக்காதாம். ஆனால் மேலே உக்கிய கல் மழையைச் சேர்த்துவைக்கும். வெடிப்பு அதைக் கொண்டுவந்து கொடுக்கும். இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணிக்குப் படிக்கவேண்டியிருக்கவில்லை.

சேறு தெறித்த முகத்தோடு அண்ணி நிமிர்ந்தார்.

"எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சா? கொடத்த கொண்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெருமை.

நேற்று அடுத்த டிவிஷன் தலைவர் எனக்கு போன் செய்தார். அங்கேயும் கிணறு வெட்டப் போகிறார்களாம், இடம் பார்க்கவேண்டுமாம். தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன்.

"உங்க அண்ணி நம்பர் இருக்குங்களா சார்?"