ஓரகத்திக்குக் கிடைத்த தள்ளுபடி

மூத்த மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். தன் படிப்புக் கடனை ஒரு தவணையும் தவறாமல் கட்டி முடித்தவள். பிரசவத்துக்காகச் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தபோதுகூடக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். கடன் தீர்ந்த அன்று வங்கியில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

இளைய மருமகளும் அதே வங்கியில் கடன் வாங்கித்தான் படித்தாள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை, கடனும் கட்டவில்லை. அது வாராக்கடனாகிப்போனதும், வெள்ளிக்கிழமைக்குள் மொத்தமாகக் கட்டினால் பாதி போதும் என்று வங்கியே இறங்கி வந்துவிட்டது. அந்தப் பாதிக்கும் அவள் கையில் கொஞ்சம் பணம் குறைந்தது. அதைக் கேட்டுத்தான் அவள் சமையலறையில் வந்து நின்றாள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவள் தேய்த்த தேய்ப்பில் பாத்திரத்தின் அடியே தேய்ந்திருக்கும்.

“கட்டினவ முட்டாள், கட்டாதவளுக்கு மாலை மரியாதை. நல்ல நியாயம்டி.”

“மாலையாக்கா? ஃபோன் அடிச்சாலே பேங்க்தான்னு எடுக்காம ஒளிச்சு வைப்பேன். ஜாமீன் போட்ட பாவத்துக்கு எங்கப்பா வேலை பாக்குற இடத்துக்கே ஆள் வந்து கத்தினாங்க. நீங்க நிம்மதியாத் தூங்கினீங்க. அதைப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?”

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பது மூத்தவளுக்கு உள்ளூர இனித்தது. எரிச்சல் முழுக்க அடங்கவில்லை. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தரேன். மாசம் பொறந்தா எனக்குத் தவணை வந்துடணும்.”

“ஒரு மாசம் தள்ளிப்போனா?”

“போகாது. பேங்க்காரன்தான் உன்னைத் தேடி அலையணும். நான் அடுத்த ரூம்லதான் இருக்கேன்.”