அன்னிகாவை மார்லிஸ் நேர்கண்டது

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் நான் நடத்தும் காபிக் கடையில், குளிர்காலம் வந்தால் ஜன்னலோர மேசை மார்லிஸுக்குத்தான். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்ப்பவள். ஆனால் படித்தது கிழக்கே ஆஷ்குரோவ் கல்லூரியில். நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குத்தான் அங்கே இடம். எங்கள் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு பேசிப் பார்த்து, கல்லூரிக்கு எழுதி அனுப்புவது பழைய மாணவியான அவள் பொறுப்பு. சம்பளமில்லாத வேலை. அதற்கென்றே முத்துமாலை போட்டுக்கொண்டு வருவாள்.

அந்தக் கல்லூரி அவள் மகள் பிரிட்டாவுக்கே இடம் தரவில்லை. அது நடந்து இரண்டு வருடத்தில், பிரிட்டாவோடு ஹாக்கி ஆடிய அன்னிகா அதே கல்லூரிக்கு விண்ணப்பித்து அந்த மேசைக்கு வந்தாள். பனியில் கன்னம் சிவந்து, தலை கலைந்திருந்தது.

“ஆஷ்குரோவ்ல ஏன் சேரணும்னு நினைக்கிறே?”

“உண்மையச் சொல்லவா? அம்மாதான் போடச் சொன்னாங்க. கிடைச்சா போவேன். கிடைக்காட்டி இங்கயே படிப்பேன். இந்த ஏரிய விட்டுட்டுப் போக மனசே வரல.”

மார்லிஸின் உதடு இறுகியது. பிரிட்டா குப்புறப் படுத்து அழுதது எந்த இடத்துக்காகவோ, அதை இவள் கிடைத்தாலும் சரி, போனாலும் சரி என்கிறாள்.

அவள் போனதும், “திமிரப் பாத்தியா?” என்றாள் மார்லிஸ்.

“வெளிப்படையாப் பேசுது, அவ்வளவுதானே?”

“நீ காபிய ஊத்து.”

கெட்டிக்காரி, ஆனால் ஆர்வமில்லை, இடத்தை வீணாக்குவாள் என்று அன்றே எழுதி எனக்குப் படித்தும் காட்டினாள். அன்னிகாவிடம் இருந்த நல்லதெல்லாம் அதில் ஒரு வரிக்குள் அடங்கியிருந்தது.

மார்ச் கடைசியில் அன்னிகாவுக்கு இடம் கிடைத்தது. அவள் அம்மா டெப் எலுமிச்சை கேக்கோடு கடைக்கே வந்து மார்லிஸைக் கட்டிக்கொண்டாள்.

“எல்லாம் நீ எழுதினதாலதான்! சாப்பிடு, சாப்பிடு.”

மார்லிஸ் மென்றாள். விழுங்கத்தான் நேரமாயிற்று.

டெப் போனபின், “நான் எழுதினத அவங்க படிக்கவே இல்ல போல,” என்றாள்.

“படிச்சிருப்பாங்க. பெரிசா எடுத்துக்கல.”

“அப்ப, இத்தன வருஷமா மத்த பசங்களுக்கு நல்லா எழுதினேனே, அது?”

மிச்சக் கேக்கை நான் மூடி வைத்தேன். அதோடு பிள்ளைகளை நேர்காணும் வேலையை அவள் விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில், கடைக்கு எதிரே இருந்த டெப் வீட்டு வாசலில் அன்னிகாவின் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தது பிரிட்டாதான். ஏதோ சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பிரிட்டாவுக்கே வலிக்கல பாரு,” என்றாள் மார்லிஸ், ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல். “எனக்குத்தான் இன்னும் வயிறு எரியுது.”

“நீயும் போய் ஒரு பெட்டியத் தூக்கிக் கொடேன்.”

அவள் போகவில்லை.