கொதித்த தண்ணீர்

ஆசனிக் என்ற விஷம் தண்ணீரில் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. ஒன்று கொடியது, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் சாது. எது எவ்வளவு என்று பிரித்து அளப்பதுதான் கண்டியில் எனக்கு வேலை. சூடுபட்டால் ஒன்று மற்றதாக மாறிவிடக்கூடும். அதனால் எங்கே போனாலும் தோளில் ஐஸ் பெட்டியோடுதான் பஸ் ஏறுவேன். தோள் வலிதான் மிச்சம்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போன அன்று விடாத மழை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் முதலாவதில் இருந்த ஓர் அக்காவிடம் குப்பியைக் கொடுத்து, கீழே ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு மேல் லயங்களுக்கு ஏறினேன். திரும்பி வந்து வாங்கியபோது குப்பி கையைச் சுட்டது.

"என்னக்கா இது?"

"நல்லா கொதிக்க வச்சு, வடிகட்டி ஊத்தியிருக்கேங்க. டவுன்ல இருந்து வந்தவங்களுக்குப் பச்சத் தண்ணியா குடுக்கிறது?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இனி நானே பீலிக்கு இறங்க வேண்டும்.

"இது குடிக்க இல்லக்கா, சோதிக்க. இதுல ஆசனிக்னு ஒரு விஷம் இருந்தா எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவர் அடுப்பில் இருந்த கேத்தலைப் பார்த்தார்.

"அப்ப எப்படிங்க போகும்?"

வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் அந்த லயம் வரை ஏறி வராது என்பதும் எனக்குத் தெரியும். அவர் அதே கேத்தலிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.