கேசட்டின் முதல் நான்கு நிமிடம்

கேசட் கடை வேலை என்பது, பிறருக்குப் பிடித்த பாட்டை நாள் முழுக்க நாம் கேட்பது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே எழுதுவதில் ஒரு பகுதி நான் கண்ணால் பார்த்தது அல்ல. உடன் வேலை செய்த நவாஸ் அண்ணன் சொன்னது. அதைப் பல வருஷமாக நம்ப முயன்று வருகிறேன். முழுதாக நம்பியதில்லை.

பெயர் தெரியாத பாட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் ஷார்ஜா தொழில்பேட்டையில், கராஜ்களுக்கு நடுவே இருந்தது எங்கள் கடை. அந்த வருஷம் அமெரிக்காவில் பள்ளி வயதுப் பெண் ஒருத்தி பாடிய முதல் பாட்டு எல்லா நாட்டிலும் முதலிடம் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்களிடம் வந்தவர்கள் வெல்டர்களும் பெயிண்டர்களும். பாட்டின் பெயரும் தெரியாது, பெண்ணின் பெயரும் தெரியாது. அந்தப் பாட்டு தொடங்கும் மூன்று தட்டைக் கவுண்டரில் விரலால் தட்டிக் காட்டுவார்கள். நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

திருவாரூர்ப் பக்கத்துத் தச்சர் ஒருவர், தேய்ந்துபோனது என்று மூன்றாவது முறையாக அதையே கேட்டு வந்தார். பாட்டு என்ன சொல்கிறது என்று புரிகிறதா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"ஒரு வார்த்தை புரியலைங்க. அதனாலதான் வீட்டு ஞாபகம் வராம கேக்க முடியுது."

போய் வரும் கேசட்

போன் பேசக் கட்டுப்படியாகாத காலம். ஊரில் மனைவி கேசட்டில் பேசி, லீவு முடிந்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புவாள். இவர் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். ஒருவர் குரல் அழிந்துதான் மற்றவர் குரல் போகும். கேசட்டின் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதில் மறுபடி பதிய முடியாது. கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டில் உடைத்தே இருக்கும். வீட்டுக் கேசட்டில் யாரும் உடைப்பதில்லை, திருப்பிப் பேச வேண்டுமே.

சாத்தான்குளத்துக்காரர் செல்லதுரை அண்ணாச்சி, வெல்டர். வெள்ளிதோறும் வருவார். ஒரு வியாழக்கிழமை டூட்டி முடிந்த கையோடு ஒரு கேசட்டைக் கொண்டுவந்து, காப்பி எடுத்துத் தரச் சொன்னார். ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் ஒரு குழந்தை, "அப்பா, நான் யாருன்னு சொல்லுங்க" என்றது. அவர் ஊரைவிட்டு வந்தபோது அது மனைவியின் வயிற்றில் இருந்ததாம். முதலிலேயே பிள்ளையைப் பேச விட்டுவிட்டு, மிச்சத்தை மனைவி பேசியிருந்தாள். இதற்கு மட்டும் வேறு கேசட் வாங்கிப் பதில் அனுப்பினாராம்.

"இதுக்கு மேல பேச மனசு வரல தம்பி. தெனமும் போட்டுப் போட்டுப் பிள்ள குரலு தேஞ்சிட்டு."

வெள்ளிக்கிழமை

வியாழனன்றே காப்பி எடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அந்தப் பெண்ணின் பாட்டுக்கு ஆர்டர் குவிந்து கிடந்ததால் நாளைக்கு என்று மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் தொழுகை முடிந்ததும் தொழிலாளர் கேம்ப் பஸ்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. மெஷினில் இடது பக்கம் பாடும், வலது பக்கம் பதியும். இடதில் அவள் பாட்டை வெளியே எடுக்காமலே ஓட விட்டிருந்தேன். வலதில் வெற்றுக் கேசட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதிந்து முடித்து வெளியே எடுத்த ஒன்றில், பேனாவால் 'பிள்ளை பேசியது' என்று எழுதியிருந்தது.

போட்டுக் கேட்டேன். நான்கு நிமிடம் அந்த அமெரிக்கப் பெண் பாடினாள். பாட்டு முடிந்ததும், பாதி வார்த்தையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி ரேஷன் கடையைப் பற்றிப் பேசினாள். குழந்தை எங்குமே இல்லை. என் முகத்தைப் பார்த்த நவாஸ் அண்ணன் கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீ சாப்பிடப் போ. அவரு வந்தா நான் சொல்லிக்கிறேன்."

போனேன். இருபத்தாறு வயது எனக்கு. சொல்லத் தெரியாத வயதல்ல.

அவர் சிரித்தாராம்

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அண்ணாச்சி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நடந்ததைச் சொன்னதாகவும், அவர் கோபப்படவே இல்லை என்றும் நவாஸ் அண்ணன் சொன்னார்.

"'விடுங்க பாய், நல்ல பாட்டுதானே'ன்னு சிரிச்சுட்டுப் போனாருப்பா."

அதற்குப் பிறகு அண்ணாச்சி கடைக்கு வரவில்லை. கம்பெனி கேம்ப்பைத் துபாய்ப் பக்கம் ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஃபர்வானியாவுக்கு ஒரு போன்

கடை மூடிப் பல வருஷமாகிறது. நான் இப்போது ஜெபல் அலியில் ஸ்டோர்கீப்பர். நவாஸ் அண்ணன் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் பேசுகிறோம். பிள்ளைகள், முட்டிவலி, விசா. இதை மட்டும் தொட்டதில்லை. சிரித்தார் என்பது எனக்கு வசதியாக இருந்தது. வசதியான செய்தியை யார்தான் குடைந்து பார்ப்பார்கள்? ஆனால் அதே பாட்டை இப்போது ஏதாவது மாலில் கேட்டால், நான்கு நிமிடமும் கடைக்கு வெளியே போய் நிற்கிறேன்.

இந்தப் பெருநாளில் கேட்டே விட்டேன். நவாஸ் அண்ணனுக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சொன்னதையே, ஒரு சொல் மாறாமல் மறுபடி சொன்னார். ஆரம்பத்தில் கொஞ்சம் பாட்டு ஏறிவிட்டது என்றாராம், அவர் சிரித்தாராம். பிள்ளையின் குரல் அழிந்தது என்பது அதில் இல்லை. கடை வேலையில் நான் உருப்படியாகக் கற்றது, ஒரு வாடிக்கையாளர் எதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார் என்று பார்ப்பது மட்டும்தான்.

"அண்ணே, அவரு சிரிச்சது கேசட்டைப் போட்டுக் கேக்குறதுக்கு முன்னாடியா, கேட்டதுக்கு அப்புறமா?"