கயிற்றில் முதல் படம்

"...தூங்கறாங்கன்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணா. அப்பறம் இந்தப் புள்ள கண்ண மூடவே பயப்படும்."

அக்காவை நடுவீட்டில் கிடத்தியிருந்த காலையில், அவரிடம் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த சுமதி என்னிடம் சொன்னது இது. அக்காவின் பக்கத்து வீட்டுப் பவித்ராவுக்கு ஆறு வயது, பேச்சு வராது. தினமும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான், அக்கா வேலைபார்த்த குழந்தைகள் மையத்துக்குப் போவாள். அன்றும் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அத்தை தூங்கறாங்க சாமி, அப்பறமா வா" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுத்தான் சுமதி அப்படிச் சொன்னது.

எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? முந்தின நாள் சாயங்காலம்தான், "நாளைக்கு மோகனூர் வாரேன், சுரைக்காயப் பறிச்சு வையி" என்று அக்கா போனில் சொன்னார். விடிந்தபோது அக்கா இல்லை. பதினாறு நாளாகிறது, சுரைக்காய் கொடியிலேயே முற்றிக்கிடக்கிறது. போன் அடித்தால் இன்னமும் அக்காதான் என்று ஓடுகிறேன்.

மோகனூரில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. நான் எட்டாவதோடு லாரிப் பட்டறைக்குப் போய்விட்டேன். அவர் விடாமல் படித்தார். பால்வாடி டீச்சர் பயிற்சியில் சேர்ந்தபோது பெரியப்பா, "சளி தொடைக்கறதுக்கு ஒரு படிப்பா அம்மிணி?" என்று கேட்டார். "ஆமாங்க பெரியப்பா, நல்லாத் தொடைக்கோணும்னா படிக்கோணுமுங்க" என்றார் அக்கா.

வேலைக்குப் போன முதல் வருடம், கூப்பிட்டால் திரும்பாத ஒரு சிறுமியைப் பிடிவாதக்காரி என்று வருடம் முழுக்கத் திட்டியிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்று. அன்று அக்கா சாப்பிடவில்லை. "அது புடிவாதம் புடிக்கல தம்பி, எனக்குத்தான் படிப்புப் பத்தல" என்றார். தன் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, சேலத்துக்கு பஸ் ஏறி, சிறப்புக் கல்வியும் படித்து முடித்தார்.

அதன்பின் நாமக்கல் மையத்தில் ஆசிரியர்களுக்குப் பால்வாடிப் பாடம், சிறப்புக் கல்வி இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். "எந்தப் புள்ள வரும்னு சொல்லிட்டா வருது? ரெண்டும் தெரிஞ்சவதான் வாசல்ல நிக்கோணும்" என்பார். நின்றுகொண்டு குழந்தையிடம் பேசினால் விடமாட்டார், மண்டி போடவேண்டும். பேச்சு வராத பிள்ளைகளுக்கு, அடுத்தது என்னவென்று படங்களைக் கயிற்றில் வரிசையாகக் கிளிப் மாட்டிக் காட்டவேண்டும். அவரிடம் அதிகம் திட்டு வாங்கியது சுமதிதான். "வாய ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?" என்று வகுப்பிலேயே கேட்பாராம். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு கூச்சம்.

பந்தல் போட்டவர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டார், தூரத்திலிருந்து ஓடிவந்த உறவுகள், அழுகையோடு தோள்கொடுத்த மையத்து நண்பர்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். சுமதிக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை.

என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு, அத்தனை சனத்துக்கு நடுவே அந்தப் பெண் பவித்ராவுக்கு முன்னால் மண்டியிட்டது.

"அத்தை செத்துட்டாங்க சாமி. இனி எந்திரிக்க மாட்டாங்க. உங்கூட வரமாட்டாங்க."

யாரோ "அட, புள்ளைகிட்டப் போயி..." என்றார்கள். சுமதி திரும்பவில்லை. பவித்ராவின் கையை எடுத்து அக்காவின் கைமேல் வைத்தது. குளிர்ச்சி பட்டதும் பிள்ளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

பிறகு சுமதி பவித்ராவின் பையிலிருந்து படக்கயிற்றை எடுத்தது. முதல் கிளிப்பில், காலையில் கூட்டிப்போக வருகிற அக்காவின் போட்டோ. அதைக் கழற்றிப் பவித்ராவின் உள்ளங்கையில் வைத்து மூடியது. தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பிரித்துத் தன் போட்டோவை உருவி, "நாளைக்கு நான் வாரேன்" என்று அந்த முதல் கிளிப்பில் மாட்டியது.