நூற்று எண்பத்தெட்டு நாள்

திருச்செங்கோட்டில் ஆடிட்டர் அம்மா என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, முத்திரைகளில் இருந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். மறுபடியும் ஒருமுறை கூட்டினார்.

"அண்ணா, நூத்தி எண்பத்தெட்டு வருதுங்க."

ஐந்து வருடமாக நான் ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் அங்கே மழை பிடித்துவிட்டால் மண் பாதையில் ரிக் லாரி நகராது. எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மே மாதம் திரும்பிப் போவேன். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குள் நூற்று எண்பத்திரண்டு நாள் இங்கே தங்கிவிட்டால் வரிக்கு நான் இந்தியாவில் வசிப்பவன். அங்கே வாங்கின சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. இதுவரை ஒரு வருடமும் அந்த எல்லையை நான் தொட்டதில்லை.

"கெளம்புன நாளையும் சேத்துட்டீங்களா? வெடியால வெள்ளனவே பிளேன் ஏறிட்டனுங்களே."

"ஏறுன நாளும் எறங்குன நாளும் இங்க இருந்ததாத்தான் கணக்குங்ணா." தாளில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டார். "நடுவுல ஆகஸ்டுல இருபத்திநாலு நாள் வந்திருக்கீங்க. அதனாலதான். எதுக்குங்க வந்தீங்க?"

"எங்கண்ணன் தவறிட்டாருங்க."

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

அண்ணன் ராசிபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடையைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்து வைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். இரண்டு விமானம் மாறி நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கிளம்புவதாக இருந்தேன். பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அண்ணி வந்து நிலைப்படியில் நின்றார்.

"தம்பி, வாரிசு சான்றிதழ் வாங்கோணுமாம். பேங்குல கேக்கறாங்க. எனக்கு எந்த ஆபீசுல போயி என்ன பேசறதுன்னே தெரியல சாமி."

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். பத்து நாள் தாலுகா ஆபீசுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடந்தேன். அண்ணி எனக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் ரேஷன் கார்டையும் இறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வருவார். கேட்ட காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். பத்தாம் நாள்தான் சான்றிதழ் கைக்கு வந்தது.

"ஏழே நாள் முன்னாடி போயிருந்தா..." என்று ஆடிட்டர் அம்மா ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "செரி உடுங்ணா. அங்க புடிச்ச வரிக்குக் காயிதம் வாங்கிட்டு வாங்க. இங்க கழிச்சுக்கலாம். மிச்சத்தைக் கட்டோணுங்க."

மே மாதம் திரும்பிப் போனதும் அந்தக் காகிதத்துக்கு அங்கே வரி ஆபீசில் இரண்டு மாதம் அலைந்தேன். எந்த நாட்டில் வசிப்பவர் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தேதிகளைக் கூட்டிப் பார்த்து, போன வருடம் நீ பாதி நாள்கூட இங்கே இல்லையே, இந்த ஊர்க்காரன் என்று எப்படி எழுதித் தருவது என்றார். கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது. கடைசியில் வரி பிடித்ததற்கு மட்டும் ஒரு தாள் கொடுத்தார். மிச்ச வரியைக் கட்டினேன். அண்ணிக்கு இது தெரியக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அந்த வருடம் அண்ணனின் முதல் திதிக்குப் பத்து நாள் வந்து போனேன். மழையும் முந்திக்கொண்டது. நவம்பர் முதல் வாரமே கம்பெனி எங்களை அனுப்பிவிட்டது. சமையலறைக் காலண்டரில் மனைவி, ஏப்ரல், மே மாதங்களில் நான் இங்கே இருந்ததையும் சேர்த்து நாள்களைக் கூட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நூத்தி எண்பத்திரண்டு ஆகாம இருக்கோணும்னா மார்ச் பாதியிலயே நீங்க கெளம்போணுமாட்ட இருக்குதுங்க."

"பாப்பாவுக்குப் பரீட்சையாச்சே."

"ஆமாங்க," என்றாள். காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

மகளுக்குப் பிளஸ் டூ. பாதிப் பரீட்சைதான் முடிந்திருந்தது. நான் கிளம்பும்போது கையில் புத்தகத்தோடு வாசல்வரை வந்தாள்.

"அங்கதான் இன்னும் மழையாமே. போயி என்னங்கப்பா பண்ணுவீங்க?"

"வேலை இருக்குது சாமி," என்றேன்.

வேலை ஒன்றும் இல்லை. கேம்ப்பில் ரிக்குகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. சமையல்காரர்கூட இன்னும் வந்திருக்கவில்லை. மார்ச் முடியும்வரை தகரக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்து, மழை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட்ரி பரீட்சை அன்றைக்கு மகள் போன் செய்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. சுலபமாக இருந்தது என்றாளா, கஷ்டமாக இருந்தது என்றாளா என்று சரியாகக் கேட்கவில்லை. நல்லது சாமி என்று சொல்லி வைத்தேன்.