முன்கூட்டிக் கட்டிய தவணை

நான் பட்டாசு கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். என் வீட்டுக்காரருக்கு அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. காலையில் ஆமத்தூரிலிருந்து ஒரே பைக்கில் போவோம். கேட்டைத் தாண்டியதும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதற்கப்புறம் எங்கே சத்தம் கேட்டாலும் அடுக்குவதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, அவர் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். எப்படியாவது ஓர் ஆட்டோ வாங்கி, அவரை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான்.

எங்கள் பக்கம் தீபாவளி முடிந்தால் மழை பிடித்துக்கொள்ளும், கம்பெனியும் மூடிவிடும். சம்பளம் கிடையாது. அதனால் போனஸ் கைக்கு வந்ததுமே மளிகைக் கடை, பால், வாடகை என்று எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்து வைத்துவிடுவோம். பைக் கடனையும் நான் அப்படித்தான் நினைத்தேன். வங்கிக்கு நேரில் போய் மூன்று மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினேன். ரசீதும் கொடுத்தார்கள். ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். பிறகு போனில் இங்கிலீஷில் வந்த மெசேஜ்களை எல்லாம் விளம்பரம் என்று அழித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து, ஆட்டோவுக்குக் கடன் கேட்டு இருவரும் அதே வங்கிக்குப் போனோம். கடன் பிரிவில் இருந்தது ஓர் இளம்பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நன்றாக இருந்த என் கிரெடிட் ஸ்கோர் மளமளவென்று இறங்கியிருக்கிறதாம். மூன்று தவணை தவறிவிட்டதாம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "யாரு தவறுனது? எல்லாருக்கும் முந்திக் கட்டுனவ நானு! ரசீது இருக்கு, பாக்குறீகளா?"

"அக்கா, மொதல்ல உக்காருங்க. நீங்க கட்டுனது நெசந்தான். ஆனா மூணு மாசத் தவணைக்குன்னு எழுதிக் குடுக்கலையே. மொத்தமா வந்த துட்டை அசல்ல கழிச்சிட்டாக. மாசாமாசம் தேதி வந்ததும் தவணையை எடுக்க உங்க சேமிப்புக் கணக்குக்குப் போயிருக்கு. அங்கன ஒண்ணுமில்ல."

"அப்ப எங்கள ஏமாத்துக்காரங்கன்னு முடிவு பண்ணியாச்சா?"

"இல்லக்கா. அந்த ஸ்கோரு உங்க மனசைப் பாக்காது. தேதிக்கு வந்துச்சா, வரலையான்னு மட்டுந்தான் பாக்கும். ஒழுங்காக் கட்டுனா தன்னால ஏறும்."

வேறு நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெண் பதறிவிட்டார். அடுத்தடுத்துக் கடன் கேட்டால் ஸ்கோர் இன்னும் இறங்குமாம். நம் ஸ்கோரை நாமே எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் ஆகாதாம்.

கம்மலை அடகு வைத்து, தவறிய தவணைகளை அபராதத்தோடு கட்டினேன். அவர் மறுபடியும் மருந்து அறைக்குப் போனார். அந்த சீசன் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ கேலி. சாயங்காலம் பைக்கை எடுக்கும்போதெல்லாம், "என்னா, இன்னைக்கு ஸ்கோரு எம்புட்டு?" என்று கிரிக்கெட் கேட்பதுபோலக் கேட்பார். எரிச்சலாக வரும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

அடுத்த தீபாவளி போனஸில் தவணைக்கு வேண்டியதைச் சேமிப்புக் கணக்கில் போட்டேன். எடுத்துக் கட்டிவிடலாமா என்று கை பரபரக்கத்தான் செய்தது, அடக்கிக்கொண்டேன். மழையில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோதும் தவணை அந்தந்தத் தேதியில் தானாகப் போனது. ஸ்கோர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பழைய இடத்துக்கே வந்தது. அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டு, "அக்கா, வாங்க" என்றார்.

கம்பெனி மறுபடி திறந்த அன்று ஆட்டோவில்தான் வேலைக்குப் போனேன். பின்னால் என்னோடு நான்கு பெண்கள். ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் கேட்டில் எங்களை இறக்கிவிட்டார். நாங்கள் உள்ளே நடந்தோம். நான் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே வராமல் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.